மக்கள் இல்லத்தின் கொல்லைவாசல்

ஸ்வீடன் என்கிற பெயர் நம்மூர் மேடைகளில் இரண்டு விதமாக அடிபடுகிறது. ஒரு மேடையில் அது சொர்க்கம். படிப்பு இலவசம், வைத்தியத்துக்குப் பேருக்கு ஒரு கட்டணம், பிள்ளை பிறந்தால் அப்பனுக்கும் சேர்த்து விடுப்பு. ‘சாதி சாதின்னு பிரிச்சுப் பேசாதீங்க தோழர், வர்க்கமாத் திரண்டு ஒரு மக்கள்நல அரசைக் கட்டிட்டா மத்ததெல்லாம் தானா உதிர்ந்திடும்’ என்று நமக்கு வகுப்பெடுக்க அந்தச் சொர்க்கம் உதவுகிறது. இன்னொரு மேடையில் அது கெட்டுப்போன சொர்க்கம். வந்தேறிகளை உள்ளே விட்டான், உட்காரவைத்துச் சோறு போட்டான், நாசமாய்ப் போனான் என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர் வாயிலிருந்து அடுத்த பேச்சாக ரேஷன் அரிசியும் இட ஒதுக்கீடும் விழுவதைத் தோழர்கள் கவனித்திருப்பீர்கள். ‘ஓசியில குடுத்தா எவன் வேலைக்குப் போவான்?’

இரண்டு மேடைக்காரர்களும் அந்த வீட்டைக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள். கொல்லைப்பக்கமாக உள்ளே விடப்பட்டவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வீட்டின் அமைப்பே வேறாகத் தெரியும். நமக்கு அந்த இடம் பழக்கப்பட்டதுதான்.

வீடு என்று சும்மா சொல்லவில்லை. 1928இல் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன், நாடு ஒரு ‘மக்கள் இல்லமாக’ இருக்கவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பேசினார். நல்ல வீட்டில் செல்லப்பிள்ளையும் கிடையாது, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் கிடையாது என்பது அந்த உரையின் சாரம். 1932இல் ஆட்சிக்கு வந்த அந்தக் கட்சி 1976 வரை ஏறக்குறைய தொடர்ச்சியாக ஆண்டது. இந்தக் காலத்தில் நடந்ததைக் குறைத்துப் பேச நாம் தயாரில்லை. பஞ்சமும் பட்டினியும் தாங்காமல், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஊரை விட்டு ஓடிவந்த வந்தேறி என்றால் ஒருகாலத்தில் அது ஸ்வீடன்காரன்தான். அப்படிப்பட்ட ஒரு நாட்டில் கூலிக்காரன் பிள்ளை கல்லூரி போனதும், கிழடுதட்டியவர் பிச்சை எடுக்காமல் செத்ததும் பெரிய விஷயம். தொழிற்சங்கம் போராடி வாங்கியது அது. யாரும் தானம் போடவில்லை.

ஆனால் சோறு போட்ட அதே கை சல்லடையும் பிடித்திருந்தது. 1914 முதல் 1954 வரை ரோமா மக்கள் ஸ்வீடனுக்குள் நுழையச் சட்டப்படி தடை. நாஜிகள் ரோமாக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த காலத்திலும் மக்கள் இல்லத்தின் கதவு அவர்களுக்குச் சாத்தியேதான் இருந்தது. 1922இல் உப்சாலாவில் அரசாங்கமே இன உயிரியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி மண்டை ஓடுகளை அளந்தது. 1934இல் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1975 வரை சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதில் எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேர் மிரட்டப்பட்டார்கள் என்று பிரிப்பதே கடினம். ஏழை, ‘மந்தபுத்தி’, ‘ஒழுக்கம் கெட்டவள்’, நாடோடிக் குடும்பம் என்றெல்லாம் முத்திரை குத்திச் செய்தார்கள். நம் கல்லூரிகளில் பொருளாதாரம் படித்த எவருக்கும் குன்னர் மிர்தாலைத் தெரியும். அமெரிக்கக் கறுப்பர்களின் நிலைமை பற்றி 1944இல் பெரிய நூல் எழுதியவர், 1968இல் ஆசியாவின் வறுமை பற்றி மூன்று தொகுதி எழுதியவர். அதே மிர்தால் தன் மனைவி ஆல்வாவுடன் சேர்ந்து 1934இல் எழுதிய மக்கள்தொகை நூலில், குடும்பங்களுக்கு அரசு கொடுக்கவேண்டிய உதவிகளைப் பட்டியலிட்டுவிட்டு, ‘தகுதியற்றோர்’க்குக் கருத்தடை தேவை என்றும் வாதாடினார். முற்போக்கும் சல்லடையும் ஒரே புத்தகத்தில். 1999இல்தான் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 175,000 குரோனர் இழப்பீடு என்று தீர்மானமானது.

பழைய கதையைக் கிளறக் காரணம் உண்டு. ‘ஒரே மாதிரி மக்களாக இருந்தபோது சமத்துவம் இருந்தது, வேற்றார் வந்து குலைத்தார்கள்’ என்று இன்று சொல்கிறார்கள். ஒரே மாதிரி மக்கள் அங்கே எப்போதும் இருந்ததில்லை. உண்டாக்கப்பார்த்தார்கள்.

இரண்டாம் உலகப்போரில் ஸ்வீடனின் ஆலைகள் சேதமில்லாமல் தப்பின. ஐரோப்பா முழுக்க இடிந்து கிடக்க, இங்கே உற்பத்தி கொழித்தது. ஆள் போதவில்லை. பின்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், துருக்கி என்று ஆள் திரட்டினார்கள். கோத்தன்பர்க்கின் வோல்வோ, மால்மோவின் காக்கும்ஸ் கப்பல் பட்டறை எல்லாம் அவர்கள் வியர்வையில் ஓடின. 1950களிலும் 60களிலும் வெளிநாட்டவரில் வேலையில் இருந்தோரின் விகிதம் ஸ்வீடன்காரர்களை விட அதிகம். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள் தோழர்களே. அப்போது அவர்களின் மதம், சமையல் வாசனை, பெண்டாட்டியின் முக்காடு எதுவும் பிரச்சினையாகப்படவில்லை. ‘ஒருங்கிணைப்பு’ என்ற சொல்லுக்கே அவசியம் இருக்கவில்லை. காலையில் சங்கு ஊதினால் ஒருங்கிணைந்தாயிற்று. 1972இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பு கேட்டு நோர்டிக் நாடுகளுக்கு வெளியேயிருந்து ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அகதிகள்: சிலி, ஈரான், லெபனான், போஸ்னியா, சோமாலியா, இராக், சிரியா.

அவர்கள் வந்து சேர்ந்தபோது சங்கு ஓய்ந்திருந்தது. மால்மோவைப் பாருங்கள். ஒருகாலத்தில் உலகின் பெரிய கப்பல் பட்டறைகளில் ஒன்றான காக்கும்ஸ், 1986இல் வணிகக் கப்பல் கட்டுவதை நிறுத்திக்கொண்டது. ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிந்த 138 மீட்டர் உயரப் பாரந்தூக்கியைத் தென்கொரியாவின் ஹூண்டாய்க் கம்பெனி ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டு 2002இல் கப்பலேற்றியது. ஊரே கரையில் நின்று அழுதது. உல்சானில் நிற்கும் அதை இன்றும் ‘மால்மோவின் கண்ணீர்’ என்கிறார்கள். 1965 முதல் 1974 வரை அரசு பத்து லட்சம் வீடுகள் கட்டிய திட்டத்தில், தொழிலாளிகளுக்கென்று எழுந்தது அந்த ஊரின் ரோசன்கார்ட் குடியிருப்பு. வேலை போனதும் முடிந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். காலியான வீடுகளுக்கு அகதிகள் வந்தார்கள். இப்போது ரோசன்கார்டில் ஏன் வேலையில்லை என்று கேட்டால் அங்கிருப்போரின் கலாச்சாரம் என்று பதில் வருகிறது. அங்கே வளர்ந்த ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் பந்து விளையாடிக் கோடீஸ்வரரானதை எடுத்துக்காட்டி, ‘முயன்றால் முடியும்’ என்பார்கள். நமக்கும் ஒரு கலெக்டரைக் காட்டுவார்கள் அல்லவா, அதே வித்தைதான்.

1990களின் தொடக்கத்தில் அடித்த நெருக்கடி இன்னும் மோசம். வங்கிகள் வகைதொகையில்லாமல் வீட்டுமனை வியாபாரத்துக்குக் கடன் கொடுத்துக் குப்புற விழுந்தன. 1992 செப்டம்பரில் நாணய மதிப்பைக் காப்பாற்ற மத்திய வங்கி வட்டியை 500 விழுக்காடாக உயர்த்தியது. வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், அச்சுப்பிழை இல்லை, ஐந்நூறுதான். கவிழ்ந்த வங்கிகளை அரசு தூக்கி நிறுத்தியது. சுமார் ஐந்து லட்சம் வேலைகள் காணாமற்போயின. 1990இல் 2 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த வேலையின்மை, 1993இல் 8 விழுக்காட்டைத் தாண்டியது. சரியாக அந்த வருஷங்களில்தான் போஸ்னியாவில் இனக்கொலையிலிருந்து தப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள்.

இங்கே நடந்த ஒன்று முக்கியமானது. ஒரே நாட்டிலிருந்து, ஒரே போரிலிருந்து, ஒரே ஆண்டுகளில் வந்த போஸ்னியர்களில் ஒரு பகுதியினர் மால்மோவில் குடியேறினார்கள். இன்னொரு பகுதியினர் ஸ்மோலாந்து மாநிலத்தின் க்னோஷோ வட்டாரத்துக்குப் போனார்கள். க்னோஷோ சின்னச் சின்ன உலோக, பிளாஸ்டிக் பட்டறைகள் நிறைந்த இடம். சிவகாசி, கோயமுத்தூர்ப் பக்கம் பார்த்தவர்களுக்குப் புரியும். சில வருஷம் கழித்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, க்னோஷோவில் வேலையிலிருந்த போஸ்னியர் விகிதம் மால்மோவைவிட மிக அதிகமாக இருந்தது. அதே மதம், அதே மொழி, அதே படிப்பு. பட்டறைக் கதவு திறந்திருந்ததுதான் வித்தியாசம்.

நார்வேக்குப் போன நம் ஈழத்துச் சனங்களின் கதையும் இதை ஒட்டியதே. 1980களில் வடகோடி பின்மார்க்கின் மீன் ஆலைகளில், உள்ளூர்க்காரர்கள் ஒதுக்கிய குளிர் வேலையை அவர்கள் செய்தார்கள். அப்படிக் கால் ஊன்றி, பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். இன்று ‘நல்ல குடியேறி’ என்று அவர்களைக் காட்டிச் சோமாலியரை அடிக்கிறார்கள். அந்தப் பாராட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளும் தமிழர்களும் உண்டு. கல்யாணப் பேச்சு வரும்போது அவர்களின் ஒருங்கிணைப்பு எந்த ஊர், எந்தக் குறிச்சி என்ற விசாரிப்பில் வந்து நிற்பது தனிக்கதை.

கதவு திறந்திருந்தாலும் பெயர் தடுக்கும். 2007இல் வெளியான ஆய்வொன்றில் மாக்னுஸ் கார்ல்சன், டான்-ஓலோப் ரூத் என்ற இரு பொருளாதாரவாதிகள் ஒரே தகுதியுள்ள வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். மாற்றியது பெயரை மட்டும். ஸ்வீடன் பெயருக்கு நேர்காணல் அழைப்பு, மத்தியக் கிழக்குப் பெயருக்கு வந்ததைவிட 50 விழுக்காடு அதிகமாக வந்தது. பெயரை மாற்றிக்கொண்ட குடியேறிகளின் வருமானம் அதன்பின் உயர்ந்ததை வேறொரு ஆய்வு காட்டியது. அதே 2007இல் சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் இந்தியத் தனியார் கம்பெனிகளுக்கு இதே மாதிரி விண்ணப்பங்களை அனுப்பி வெளியிட்ட முடிவு நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். தலித் பெயருக்குப் பதில் வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. வேலை கொடுப்பவன் அங்கேயும் இங்கேயும் ஒரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் விண்ணப்பம் படிக்கிறான். ஆனாலும் ‘ஒருங்கிணைப்பு’ப் பயிற்சி என்றால் அது விண்ணப்பித்தவனுக்கு மட்டும். படித்துப் பார்த்துக் கிழித்தவனுக்கு எந்த ஊரிலும் பயிற்சி கிடையாது.

சரி, ஏற்றத்தாழ்வு கூடியதே, அது யாரால்? கூடியது உண்மை. 1985க்கும் 2010களின் தொடக்கத்துக்கும் இடையில் ஸ்வீடனில் வருமான ஏற்றத்தாழ்வு மூன்றில் ஒரு பங்கு கூடியது, பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. நாடுகளிலேயே இதுதான் மிக வேகமான வளர்ச்சி என்று அந்த அமைப்பே சொன்னது. வறுமைக்கோட்டின் கீழ்ப்படிகளில் குடியேறியவர்கள் அதிகம் என்பதும் உண்மை. வெளிநாட்டில் பிறந்தோரின் வேலையின்மை உள்நாட்டில் பிறந்தோரைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இதையெல்லாம் மறைக்க நமக்கு அவசியமில்லை. ஆனால் ஏணியின் அடியில் ஆள் சேர்ந்ததை மட்டும் படம்பிடித்துவிட்டு, மேலே ஏணி நீண்டதைச் சொல்லாமல் விடுகிறார்களே, அதைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

1991இல் வரிச் சீர்திருத்தம். உழைத்து வரும் வருமானத்துக்கு ஏறுமுக வரி, மூலதனத்தில் வரும் வருமானத்துக்குத் தட்டையாக 30 விழுக்காடு. 2004இல் வாரிசுரிமை வரியை ஒழித்தார்கள். ஒழித்தது வலதுசாரி இல்லை, சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சி. அப்பன் சொத்து அப்படியே பிள்ளைக்கு. மாற்றாந்தாய்ப் பிள்ளை இல்லாத வீட்டில் செல்லப்பிள்ளை வந்துவிட்டான். 2007இல் செல்வ வரியும் போயிற்று. அதே வருஷம் வேலையில் இருப்போருக்கு வருமானவரிச் சலுகை வந்தது. வேலையில்லாதவரும் நோயாளியும் ஓய்வூதியக்காரரும் அதே தொகைக்குக் கூடுதல் வரி கட்ட நேர்ந்தது. வேலையின்மைக் காப்பீட்டுக்கான சந்தாவையும் ஏற்றினார்கள், லட்சக்கணக்கானோர் அதிலிருந்து விலகினார்கள். 1992 முதல் தனியார் பள்ளிக்கு அரசே காசு கொடுக்கிறது. லாபத்துக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் கம்பெனி பங்குச் சந்தையில் ஏறுகிறது. இதில் எந்தத் தீர்மானத்துக்கு ரோசன்கார்ட் அகதி கைதூக்கினார்?

வீட்டு விஷயம் இன்னும் நுட்பமானது. ஸ்டாக்ஹோம் நகரின் நடுவே நகராட்சிக்குச் சொந்தமான வாடகை வீடுகள் 1990களின் கடைசியிலிருந்து குடியிருந்தவர்களுக்கே சந்தை விலைக்குக் கீழே விற்கப்பட்டன. நல்ல காரியம் போலத் தோன்றும். அங்கே அப்போது குடியிருந்தவர்கள் யார்? பெரும்பாலும் பழைய ஸ்வீடன்காரர்கள். வாங்கிய வீட்டின் விலை பல மடங்கு ஏறியது. வீட்டுக்கடன் வட்டியில் 30 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ள அரசு அனுமதித்தது. ஹுஸ்பியிலும் ரிங்கெபியிலும் இருந்தவர்கள் வாடகைக்காரர்களாகவே இருந்தார்கள். வாடகையில் கழிவு ஏது? நகராட்சி வாடகை வீட்டுக்குப் பதிந்தால் ஸ்டாக்ஹோமில் ஒன்பது பத்து வருஷம் வரிசையில் நிற்கவேண்டும். நேற்று வந்தவன் வரிசையின் வாலில். கவுண்டரில் உட்கார்ந்து இருபது வருஷத்துப் பேரேடுகளைப் புரட்டினால் தெரியும் ஒன்று இது: சம்பளம் மனிதர்களைக் கொஞ்சம்தான் பிரிக்கிறது, சொத்தும் கடன் வாங்கும் வசதியும்தான் நிரந்தரமாகப் பிரிக்கிறது. எங்கள் கிளையிலும் பட்டா வைத்திருப்பவருக்கு ஒரு வட்டி. ஒன்றுமில்லாதவர் அடகுக்கடைக்குப் போகவேண்டியதுதான், அங்கே வேறு வட்டி.

2007இல் வந்த இன்னொரு சலுகையைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டைப் பெருக்கித் துடைக்க ஆள் வைத்தால் கூலியில் பாதியை வரியில் கழித்துக்கொள்ளலாம். தான்டெரித் போன்ற பணக்கார நகராட்சிகளில்தான் இது அதிகம் பயன்படுகிறது. துடைக்க வருகிறவர்களில் பெரும்பகுதி குடியேறிய பெண்கள். அந்தப் பெண்ணுக்கு வேலையில்லாமல் அரசு பணம் கொடுத்தால் அது ‘உதவித்தொகை’, பேப்பரில் விவாதம் நடக்கும். அவளைத் துடைக்கச் சொல்கிற வீட்டுக்காரருக்கு அரசு பணம் கொடுத்தால் அது ‘வேலைவாய்ப்பு ஊக்குவிப்பு’. கொல்லைவாசல் என்று நாம் சொல்வது இதைத்தான். கோடையில் தாய்லாந்தின் ஏழை விவசாயிகள் கடன்பட்டு விமானமேறி ஸ்வீடனின் வடக்குக் காடுகளில் பெர்ரி பொறுக்க வருகிறார்கள். விளைச்சல் மோசமான 2009 போன்ற வருஷங்களில் வாங்கிய கடனைக் கூடச் சம்பாதிக்காமல் பலர் திரும்பினார்கள்.

2020 மார்ச்சில் ஸ்டாக்ஹோமில் கொரோனாவுக்கு முதலில் பலியான 15 பேரில் 6 பேர் சோமாலியப் பூர்வீகத்தினர் என்று அங்குள்ள சோமாலிய மருத்துவர்கள் சொன்னார்கள். டாக்சி ஓட்டுவோர், பேருந்து ஓட்டுவோர், முதியோர் இல்லத்தில் மணிக்கணக்குக் கூலிக்குக் குளிப்பாட்டிவிடுவோர் வசிக்கும் நெரிசலான குடியிருப்புகள் அவை. ‘வீட்டிலிருந்து வேலை பாருங்கள்’ என்று அரசு சொன்னது. முதியவரின் முதுகை வீட்டிலிருந்து தேய்க்க முடியுமா?

இனி அவர்கள் சொல்லும் மருந்துக்கு வருவோம். ஸ்வீடனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடையாது. தொழிற்சங்க ஒப்பந்தம்தான் கூலியைத் தீர்மானிக்கிறது, அது உயரத்தில் இருக்கிறது. பெரிய படிப்பு தேவைப்படாத வேலைகள் மொத்தத்தில் 5 விழுக்காட்டைச் சுற்றியே உள்ளன. ஆகவே புதிதாக வந்தவருக்குக் குறைந்த கூலி வைத்தால் வேலை பெருகும் என்கிறார்கள். இது வெறும் முதலாளியின் தந்திரம் என்று தள்ளிவிட முடியாத கேள்வி. உயர்ந்த கூலியைக் காக்கும் சங்கம், வெளியே நிற்பவனைப் பற்றிப் பல நேரம் கவலைப்படுவதில்லை என்பதை நாம் இங்கேயே பார்த்திருக்கிறோம். நிரந்தரத் தொழிலாளி சங்கத்தில் ஒப்பந்தத் துப்புரவாளருக்கு நாற்காலி உண்டா? இருந்தாலும் வந்தவனுக்கு ஒரு கூலி, இருந்தவனுக்கு ஒரு கூலி என்பது இரட்டைக் குவளை. ஒருமுறை தனிக்குவளை வைத்துவிட்டால் அதை எடுக்க எத்தனை தலைமுறை ஆகும் என்பதை நம்மைவிட யார் அறிவார்? அரசே ஆளெடுக்கட்டும். முதியோர் இல்லங்களிலும் பள்ளிகளிலும் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. மணிக்கூலியாக வைத்திருப்பவர்களை முழுநேரமாக்கி, மொழியை வேலை நேரத்திலேயே கற்றுக்கொடுக்கட்டும். வாரிசுரிமை வரியைத் திரும்பக் கொண்டுவந்தால் அதற்குக் காசு இருக்கிறது.

உதவியை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க்கே சாட்சி. 2002 ஜூலைக்குப் பிறகு அனுமதி பெற்ற அகதிகளுக்கு ‘தொடக்க உதவி’ என்ற பெயரில் உதவித்தொகையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். பசித்தால் வேலைக்குப் போவான் என்ற பழைய பண்ணையார் சித்தாந்தம். ஆண்டர்சன், டஸ்ட்மன், லாண்டர்ஸோ என்ற மூவர் பின்னர் ஆராய்ந்தார்கள். முதலில் வேலைக்குப் போனோர் எண்ணிக்கை விறுவிறுவென்று கூடியது. வெட்டியவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பலன் நிலைக்கவில்லை. பெண்கள் பலர் வேலைச் சந்தையிலிருந்தே விலகினார்கள். பெரும்பாலான குடும்பங்களின் வருமானம் விழுந்து, விழுந்தபடியே கிடந்தது. ஆண் பெண் இருபாலரிடமும் திருட்டுக் குற்றம் கூடியது. பிள்ளைகள் மொழித் தேர்வில் பின்தங்கினார்கள், படித்த வருஷங்கள் குறைந்தன. 2012இல் அதை ரத்து செய்தார்கள். 2015இல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதுப் பெயர் என்ன தெரியுமா? ‘ஒருங்கிணைப்பு உதவி’.

இந்த அரசியலுக்கு ஓட்டுப் போடுவது யார் என்பதுதான் நம் தோழர்கள் யோசிக்கவேண்டியது. 2013 மே மாதம் ஹுஸ்பியில் 69 வயது முதியவர் ஒருவரைப் போலீஸ் வீட்டுக்குள் சுட்டுக் கொன்றபின் அந்தப் புறநகர் எரிந்தது. 2015இல் ஒரு கோடிக்கும் குறைவான மக்கள்தொகையுள்ள நாட்டில் சுமார் 163,000 பேர் தஞ்சம் கேட்டார்கள். கும்பல்களின் துப்பாக்கிச் சூட்டில் 2022இல் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சுட்டவர்களும் செத்தவர்களும் பெரும்பாலும் அதே புறநகர்ப் பையன்கள். இந்தப் பயத்தையெல்லாம் அறுவடை செய்தது நவ நாஜிக் குழுக்களின் வேரிலிருந்து 1988இல் முளைத்த ஸ்வீடன் ஜனநாயகக் கட்சி. 2022 தேர்தலில் 20.5 விழுக்காடு வாங்கி இரண்டாவது பெரிய கட்சியானது. அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் தொழிற்சங்க உறுப்பினர்கள் கணிசம். வெவ்வேறு படியில் நிற்கும் தொழிலாளிகள், புரட்சிக்குப் பின் தாங்கள் சமமாக நடத்தப்படுவோம் என்ற நம்பிக்கை இல்லாமல் எப்படி ஒன்றுசேர்வார்கள் என்று 1936இல் அண்ணல் சோசலிஸ்டுகளைக் கேட்டார். ஐரோப்பாவின் மிக வலுவான தொழிலாளர் இயக்கம் 90 வருஷ அனுபவத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வி முன்னால் தடுமாறி நிற்கிறது. அமெரிக்காவில் ஏன் ஐரோப்பா மாதிரி மக்கள்நல அரசு வளரவில்லை என்று 2004இல் ஆராய்ந்த அலசீனாவும் கிளேசரும், வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதிக்கு இன வேற்றுமைதான் காரணம் என்று கணக்கிட்டார்கள். இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, கலப்பு வந்தால் சமத்துவம் போகும்’ என்கிறார்கள். கறுப்பனோடு பங்கு போட வெள்ளையனுக்கு மனசு வரவில்லை என்றுதான் நாம் படிக்கிறோம். குற்றம் பந்தியில் புதிதாக உட்கார்ந்தவன்மேல் எப்படிப் போகும்?

2024 செப்டம்பரில் ஸ்வீடன் அரசு ஒன்றை அறிவித்தது. சொந்த ஊருக்கே திரும்பிப்போகச் சம்மதிக்கும் குடியேறிக்கு 2026 முதல் 350,000 குரோனர் வரை தரப்படும். முன்பு இது 10,000. கருப்பையைப் பறித்ததற்கு 175,000, ஊரைக் காலி செய்வதற்கு அதைப்போல இரண்டு மடங்கு. இடையில் 25 வருஷப் பணவீக்கம் இருக்கிறது, கழித்துப் பார்க்கணும் என்று எனக்குள் இருக்கும் குமாஸ்தா முணுமுணுக்கிறான். கழித்தாலும் கணக்கு உறுத்துகிறது.

காலனி என்று நம்மை ஒதுக்கியது போல டென்மார்க் 2010 முதல் வருஷாவருஷம் ‘கெட்டோ’ பட்டியல் வெளியிட்டது. வருமானம், வேலை, படிப்பு, குற்றம் என்ற அளவுகோல்களோடு, குடியிருப்போரில் பாதிக்குமேல் ‘மேற்கத்தியர் அல்லாதோர்’ என்பதும் ஓர் அளவுகோல். அது மட்டும் இல்லாவிட்டால் மற்ற குறைகள் எல்லாம் இருந்தாலும் அந்த ஏழைக் குடியிருப்பு பட்டியலில் வராது. 2018 சட்டப்படி, பட்டியலில் தொடர்ந்து இருக்கும் இடங்களில் பொதுக் குடும்ப வீடுகளை 2030க்குள் 40 விழுக்காட்டுக்குக் குறைக்கவேண்டும். இடிக்கலாம், விற்கலாம். ஒரு வயதுக் குழந்தையை வாரம் 25 மணிநேரம் காப்பகத்துக்கு அனுப்பாவிட்டால் குடும்ப உதவி போகும். 2021இல் ‘கெட்டோ’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். கோபன்ஹேகனின் மியோல்னர்பார்க்கன் குடியிருப்பில் இருந்தவர்கள் இதை எதிர்த்து 2020இல் அமைச்சகத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். ‘மேற்கத்தியர் அல்லாதோர்’ என்பது இனத்தைக் குறிக்கும் சொல்லா, வெறும் புள்ளிவிவரச் சொல்லா என்ற கேள்வியோடு வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. 2025 பிப்ரவரியில் அந்த நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர், இது இன அடிப்படையிலான நேரடிப் பாகுபாடு என்று கருத்துரைத்தார். அதற்குள் மியோல்னர்பார்க்கனில் ஒரு பகுதி வீடுகளை விற்று முடித்திருந்தார்கள்.